பட்டியலைச் சரமாக்கும் பிள்ளைகளுக்கு

சுங்கை வேயில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளே, பைத்தான் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் எல்லோரும் என்னிடம் இதே கேள்வியோடு வருகிறீர்கள். "ஐயா, பட்டியல் சரியாத்தான் இருக்கு. ஆனா வெளியே வரும்போது சதுர அடைப்பும் மேற்கோள் குறியுமா வருது. இத எப்படி எடுக்கிறது?"

கேள்வி சின்னதுதான். ஆனாலும் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாமல் அடுத்த பாடத்துக்குத் தாவாதீர்கள். கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைப் பெயர்கள், பள்ளியில் அன்றைக்கு வராத மாணவர்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்கு வருகிறவர்கள் என்று எதை எடுத்தாலும் கணினிக்குள் அது பட்டியலாகத்தான் கிடக்கும். அதை வாசிக்கிற மனிதருக்கு வேண்டியது ஒரு வரி. அந்த வரியைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் சரம் என்கிறோம்.

1972-இல் இங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்ததும் தோட்டத்தை விட்டு வந்த நம் அக்காமார் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்படி ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பழுதான பலகைகளின் எண்களைத் தாளில் எழுதி அடுத்த ஷிப்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தத் தாளை வாங்குகிறவர் விடிய விடிய நின்று வேலை பார்க்கப் போகிறவர். எண்களை அவர் தடுமாறாமல் படிக்கும்படி எழுதிக்கொடுப்பது எங்கள் பொறுப்பாக இருந்தது. கணினி வந்த பிறகும் அந்தப் பொறுப்பு மாறவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த அறிவுரைகளை எழுதுகிறேன்.

பைத்தான் சொற்களை இங்கே தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

1. விசைப்பலகையில் கை வைக்கும் முன், இந்தச் சரத்தை யார் வாசிக்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவராக இருப்பார். நிரலில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பும் நீங்கள் ஒருவர். உங்கள் நிரலைப் பற்றி எதுவும் தெரியாத வேறொரு மனிதர் இன்னொருவர். மூன்றாவது, மனிதரே இல்லை, இன்னொரு நிரல். மூவருக்கும் வேறு வேறு வழி உண்டு. உங்களுக்குப் பட்டியலை அப்படியே சரமாக்கும் "ஸ்டிர்" போதும், மனிதருக்கு நடுவில் பிரிப்பான் வைத்துச் சேர்க்கும் "ஜாயின்", நிரலுக்குத் தரவு வடிவங்களான "ஜேசான்" அல்லது "சி.எஸ்.வி". நான் பார்த்த தொல்லைகளில் முக்கால்வாசி, ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்குக் கொடுத்ததால் வந்தவை.

2. மனிதருக்கு என்றால் ஜாயின்.

நம் ஊர் ரயிலையே எடுத்துக்கொள்வோம். சுங்கை வேக்காரர்கள் ஏறும் ஸ்ரீ செத்தியா நிலையத்திலிருந்து கிள்ளான் பக்கம் போனால் வரிசையாக வரும் நிலையங்கள் இவை:

நிலையங்கள் = ["ஸ்ரீ செத்தியா", "செத்தியா ஜெயா", "சுபாங் ஜெயா", "பத்து தீகா", "ஷா ஆலம்"]
வரி = ", ".ஜாயின்(நிலையங்கள்)
பிரிண்ட்(வரி)

திரையில் வருவது: ஸ்ரீ செத்தியா, செத்தியா ஜெயா, சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம்

ஐந்து பெயர்களுக்கு நடுவே நான்கு காற்புள்ளி மட்டுமே வந்திருப்பதைப் பாருங்கள். முதல் பெயருக்கு முன்னாலும் கடைசிப் பெயருக்குப் பின்னாலும் எதுவும் வராது. சுழல் போட்டு ஒவ்வொன்றாக ஒட்டுகிறவர்கள் கடைசியில் தொங்கும் காற்புள்ளியை வெட்டத் தனியாக ஒரு வரி எழுதுவார்கள். ஜாயினுக்கு அந்தத் தேவையே இல்லை.

பிரிப்பான் காற்புள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அர்ச்சனைப் பட்டியலைக் காற்புள்ளி போட்டு ஒரே பத்தியாக அச்சடித்துக் குருக்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். கூட்டத்துக்கு நடுவில், பெயரும் நட்சத்திரமும் மாறாமல் அவர் எப்படிப் படிப்பார்? அங்கே பிரிப்பான் புதுவரிக் குறியாக இருக்கட்டும், ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் பட்டியலுக்கும் அதுவே நல்லது.

3. பட்டியலின் பெயரை முன்னால் எழுதி "நிலையங்கள்.ஜாயின்" என்று தட்டாதீர்கள்.

பட்டியலுக்கு அப்படி ஒரு வேலை தெரியாது, பிழைதான் வரும். பிரிப்பான்தான் முன்னால் நிற்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. சேர்க்க வேண்டியவை பட்டியலில்தான் இருக்கும் என்பதில்லை. மாற்ற முடியாத டப்பிளில் இருக்கலாம், ஒரு கோப்பின் வரிகளாக இருக்கலாம், ஒவ்வொன்றாக உற்பத்தியாகி வரும் ஜெனரேட்டராகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஜாயின் எழுதுவதற்குப் பதிலாகச் சரத்துக்கு ஒன்று எழுதிவிட்டால் எல்லாவற்றுக்கும் உதவும். 2000-இல் வந்த பைத்தான் 2.0-இலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாயின் உங்கள் பட்டியலைத் தொடாது. புதுச் சரம் ஒன்றைச் செய்து கையில் கொடுக்கும். அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால் போய்விடும்.

4. அடைப்புக் குறியைத் துடைத்துச் சரம் செய்யாதீர்கள்.

பட்டியலை ஸ்டிர் கொண்டு சரமாக்கி, பிறகு "ரிப்ளேஸ்" போட்டுச் சதுர அடைப்பையும் மேற்கோள் குறியையும் ஒவ்வொன்றாக நீக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில பட்டியல்களுக்கு இது பலிக்கும், அதுதான் ஆபத்து. மலாயில் டத்தோ என்ற பட்டத்தை எழுதும்போது கடைசியில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுவது வழக்கம். அப்படி ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் பைத்தான் அதைச் சுற்றி மட்டும் இரட்டை மேற்கோள் போட்டுக் காட்டும்:

['ஸ்ரீ செத்தியா', "கம்போங் டத்தோ' ஹாரூன்"]

நீங்கள் ஒற்றை மேற்கோளைத் துடைத்தால் பட்டத்தின் குறி போய்விடும், இரட்டை மேற்கோள் நின்றுவிடும். விருந்தினர் பட்டியலில் ஒரு பெரியவரின் பட்டத்தைத் தப்பாக அச்சடித்துவிட்டு விழாக் குழு முன்னால் நிற்பது யாருக்கு நல்லது?

அதற்காக ஸ்டிர் வேண்டாத ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கண்ணுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. வாட்ஸ்அப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றும் சில சமயம் நடுவில் ஒளிந்திருக்கும். ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது, ஆனால் கணினி இரண்டும் வேறு என்று அடம்பிடிக்கிறது என்றால் பட்டியலை அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள். மேற்கோள் குறிகள் இருப்பதால் ஓரத்து வெற்றிடம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குறி, சாய்கோடும் எண்ணுமாக வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஜாயின் செய்த வரியில் இவை எதுவும் தெரியாது.

5. எண்கள் இருந்தால் முதலில் அவற்றைச் சரமாக்குங்கள், ஆனால் யோசித்து ஆக்குங்கள்.

ஜாயினுக்குச் சரம் மட்டுமே பிடிக்கும். ஒரே ஓர் எண் இருந்தாலும் "டைப் எரர்" என்று நின்றுவிடும். பிழைச் செய்தியைப் பார்த்ததும் மூடாமல் படியுங்கள். எத்தனையாவது இடத்தில் சரத்துக்குப் பதில் எண் வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஸ்டிரைப் போட "மேப்" உதவும். பலரும் சொல்லிக்கொடுக்கும் வழி இது:

", ".ஜாயின்(மேப்(ஸ்டிர், எண்கள்))

நல்ல வழிதான். ஆனால் மூன்று இடங்களில் இது உங்களைக் கவிழ்க்கும்.

முதலாவது, ஐ.சி. நம்பர். நம் மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், பிறகு 4. 2005 மே 3-ஆம் தேதி சிலாங்கூரில் பிறந்தவருக்கு அது 050503 என்று தொடங்கும், அடுத்து 10 வரும். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் முதல் இலக்கம் 0. அதை எண்ணாக வாசித்த கணமே முன்னால் இருக்கும் 0 மறைந்து 50503 ஆகிவிடும். பிறகு ஸ்டிர் போட்டாலும் அது திரும்பி வராது. எக்செல் கோப்பிலும் இதே கதைதான். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணை முதலிலிருந்தே சரமாக வைத்திருங்கள். தொலைபேசி எண்ணுக்கும் அஞ்சல் குறியீட்டுக்கும் இதே விதி. அப்படி வைத்திருந்தால் மூன்று துண்டுகளையும் "-" கொண்டு சேர்ப்பது ஒரே வரி வேலை.

இரண்டாவது, பணம். 12 வெள்ளி 50 காசு, பைத்தானில் 12.5 ஆகத்தான் இருக்கும். ஸ்டிர் அதை அப்படியே கொடுக்கும். ரசீதில் 12.5 என்று பார்த்தால் கடைக்காரருக்கே சந்தேகம் வரும். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரும்படி வடிவமைத்த பிறகே சேருங்கள்.

மூன்றாவது, "நன்". தகவல் இல்லாத இடத்தில் பைத்தான் வைக்கும் வெறுமைக்கு அந்தப் பெயர். மேப்பும் ஸ்டிரும் சேர்ந்தால் அதையும் வாயை மூடிக்கொண்டு சரமாக்கிவிடும். பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆங்கிலச் சொல் நிற்கும். சேர்க்கும் முன் வெறுமைகளை வடிகட்டிவிடுங்கள்.

6. ஆயிரக்கணக்கில் சேர்ப்பதற்குக் கூட்டல் குறியை நம்பாதீர்கள்.

பைத்தானில் சரத்தை ஒருமுறை செய்துவிட்டால் மாற்ற முடியாது. அதனால் சுழலில் ஒவ்வொரு தடவை "+" போடும்போதும் பழைய சரம் முழுவதும் புது இடத்துக்குப் படியெடுக்கப்படலாம். ஒவ்வொன்றும் 20 எழுத்து நீளமுள்ள 10,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் வரும் சரத்தில் இருப்பது 2 லட்சம் எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் படியெடுத்தால் மொத்தம் 100 கோடி எழுத்துக்கு மேல் நகர்த்த வேண்டியிருக்கும். ஜாயின் முதலில் எல்லாவற்றின் நீளத்தையும் கூட்டி, தேவையான இடத்தை ஒரே தடவையில் பிடித்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் வைக்கும். சில வேளைகளில் பைத்தான் தானாகவே கூட்டலை வேகப்படுத்தும். அதை நம்பி எழுத வேண்டாம். ஐந்து நிலையங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை என்பதும் உண்மை.

7. ஒற்றைச் சரத்தை ஜாயினுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டியல் என்று நினைத்து "கிள்ளான்" என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் பிழை வராது. சொல்லையே துண்டு துண்டாக்கி நடுவில் பிரிப்பானை வைத்துவிடும். ஆங்கிலச் சொல்லாக இருந்தால் எழுத்து எழுத்தாகப் பிரியும். தமிழில் அதைவிட மோசம். கி, ள், ளா, ன் என்று நமக்கு நான்கு எழுத்து. பைத்தானுக்கு எட்டு: ககரம் தனி, இகரக் குறி தனி, ளகரம் தனி, புள்ளி தனி, இப்படியே போகும். கொம்பும் புள்ளியும் காலும் அநாதையாக நிற்கும் ஒரு வரி வந்தால், எங்கோ பட்டியலுக்குப் பதில் சரம் போயிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளுங்கள்.

யூனிகோடு தமிழை இப்படித்தான் வைத்திருக்கிறது. அதன் முதல் பதிப்பும் பைத்தானின் முதல் வெளியீடும் 1991-இல் வந்தவை. ஆனால் பைத்தானில் எல்லாச் சரமும் யூனிகோடாக ஆனது 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல்தான். அதற்கு முன் ஒரு தமிழ்ப் பட்டியலை அச்சிட்டால் வெறும் குறியீட்டு எண்களாகக் கொட்டும். தமிழைக் கணினியில் ஏற்ற நம் நாட்டவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்றைக்கு நீங்கள் தமிழ்ப் பெயர்களைச் சாதாரணமாகப் பட்டியலில் தட்டுகிறீர்கள் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது.

தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்தே ஆக வேண்டிய வேலை வந்தால் "ஓப்பன் தமிழ்" என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் எழில் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையின் முயற்சியில் வளர்ந்தது. கி என்பதை அது ஒரே எழுத்தாகக் கொடுக்கும்.

8. பிரிப்பான், பெயருக்குள் இருக்கும் குறியாக இருக்கக் கூடாது.

சேர்த்த சரத்தை நாளைக்கு யாராவது "ஸ்பிளிட்" போட்டுத் திரும்பப் பட்டியலாக்குவார்கள். அன்றைக்குத் தெரியும் வினை. நம் ஆட்களின் பெயரில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) உண்டு. சாய்கோட்டைப் பிரிப்பானாக வைத்தால் மகன் ஒரு துண்டிலும் அப்பா இன்னொரு துண்டிலும் போய் விழுவார்கள். அந்தப் பெயரையே கோப்புக்கு வைத்தாலும் சிக்கல்தான், சாய்கோடு வந்த இடத்தில் கணினி ஒரு கோப்புறையைத் தேடும். முகவரி என்றால் காற்புள்ளி ஆகாது. வீட்டு எண், ஜாலான் எஸ்.எஸ். 9ஏ, சுங்கை வே, பெட்டாலிங் ஜெயா என்று அதற்குள்ளேயே எத்தனை காற்புள்ளி!

எந்தக் குறியும் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் ஜாயினை விட்டுவிட்டு சி.எஸ்.வி. தொகுதியைப் பயன்படுத்துங்கள். காற்புள்ளி உள்ள பகுதியை அது தானாகவே மேற்கோளுக்குள் வைத்துக்கொள்ளும். இன்னொரு நிரலுக்கு அனுப்புவதென்றால் ஜேசான். ஆனால் ஜேசானில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொத்தான் இருக்கிறது. சும்மா விட்டால் "கிள்ளான்" என்ற சொல்லை எட்டுக் குறியீடுகளாக, சாய்கோடும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 48 குறிகளில் எழுதிவைக்கும். திரும்ப ஏற்றினால் தமிழ் அப்படியே வந்துவிடும், எதுவும் தொலையாது. இருந்தாலும் கோப்பைத் திறந்து பார்க்கிற மனிதருக்கு ஒன்றும் புரியாது. "என்ஷூர் ஆஸ்கி" என்பதை "ஃபால்ஸ்" ஆக வைத்தால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

9. தமிழ் வாக்கியத்துக்குள் பட்டியலை வைப்பதற்குத் தமிழ் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். காற்புள்ளி போட்டுச் சேர், கடைசிப் பெயருக்கு முன்னால் மட்டும் "மற்றும்" போடு என்று. அரசாங்கக் கடிதத்தில் வேண்டுமானால் அது ஓடும். நம் வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறோமா? "கிள்ளானும் ஷா ஆலமும் சுபாங் ஜெயாவும்" என்போம். உம் ஒவ்வொரு பெயரோடும் ஒட்டும். அதனால் பிரிப்பானால் மட்டும் இந்த வேலை முடியாது. ஜாயினுக்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் தனியே திருத்தி அனுப்ப வேண்டும்.

நிரல்பாகம் ஒன்று எழுதிப் பாருங்கள், நல்ல பயிற்சி. பெயர் புள்ளியில் முடிந்தால் அந்தப் புள்ளியை வெட்டிவிட்டு உகரக் குறியையும் "ம்"-ஐயும் ஒட்டுங்கள். பைத்தான் புள்ளியைத் தனியாக எண்ணுகிறது என்று 7-ஆம் அறிவுரையில் குறைப்பட்டோமே, இங்கே அதுவே உதவி. கிள்ளான் கிள்ளானும் ஆகும், ஷா ஆலம் ஷா ஆலமும் ஆகும். இ, ஈ, ஐ ஆகியவற்றில் முடிந்தால் யகர உடம்படுமெய், அங்காசாபுரியும். மற்ற உயிரில் முடிந்தால் வகரம், பாடாங் ஜாவாவும். ஏகாரத்தில் முடியும் சுங்கை வேக்கு இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது, காதுக்கு இதமாக இருப்பது வேயும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துக் கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரை உள்ள நிலையங்களை ஓட்டினால் இரண்டு நிலையங்கள் காலை வாரும். பெட்டாலிங் என்பதற்கு யாரும் உச்சரிக்க முடியாத ஒன்று வரும், வேண்டியது பெட்டாலிங்கும். புக்கிட் பாடாக்கில் புள்ளியை வெட்டி ஒட்டினால் "பாடாகும்" என்று வேறொரு தமிழ்ச் சொல்லே வந்து நிற்கும். மலாய்ப் பெயர்கள் வல்லின மெய்யில் முடிந்தால் அந்த மெய்யை இரட்டித்துப் பாடாக்கும் என்றுதான் எழுத வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை, ங் என்ற முடிவுக்கு இன்னொரு நிபந்தனை. இலக்கணம் பள்ளியோடு முடிந்துவிட்டது என்று நினைத்த பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் புணர்ச்சி விதிகளை மறுபடி தேடி எடுத்துப் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அவசர வேலைக்கு இவ்வளவும் வேண்டாம். நம் மொழியில் "ஆகிய" என்று ஒரு சொல் இருக்கிறது. காற்புள்ளி போட்டு ஜாயின் செய்து, கடைசியில் அதை ஒட்டினால் போதும்: "சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் ஆகிய நிலையங்களில் ரயில் நிற்கும்." எந்தப் பெயரையும் தொட வேண்டியதில்லை, வாக்கியமும் தமிழாக இருக்கும்.

10. ஒன்றுமில்லாத பட்டியலையும் ஒன்றே ஒன்று உள்ள பட்டியலையும் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் நிரலைக் கொடுக்காதீர்கள்.

வெறும் பட்டியலை ஜாயின் செய்தால் பிழை வராது, வெறும் சரம் வரும். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்திருந்தால் "இன்று வராதவர்கள்:" என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. நிரல் பழுதாகிவிட்டதோ என்று ஆசிரியர் உங்களைக் கூப்பிடுவார். "இன்று எல்லோரும் வந்திருக்கிறார்கள்" என்று அங்கே தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று என்றால் "ஆகிய" இடறும். "ஷா ஆலம் ஆகிய நிலையங்களில்" என்று வந்தால் அபத்தம். பட்டியலின் நீளம் 1 என்றால் "ஷா ஆலம் நிலையத்தில்" என்று வரட்டும், இரண்டோ அதற்கு மேலோ என்றால் ஆகியவும் பன்மையும் வரட்டும். அடுத்த சனிக்கிழமை வரும்போது இந்த மூன்று நிலைக்கும் விடை சொல்லும் நிரல்பாகத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரை உள்ள நிலையங்களை அதில் ஓட்டிப் பார்ப்போம்.